ஒரே டிஸ்க்தான் வேணும்

"ரெண்டு டிஸ்க்கா போட்டுத் தந்துடறேன் ஐயா, அரை மணி நேர வேலை. ஒண்ணுலயேதான் வேணும்னு ஏன் ஒத்தக் கால்ல நிக்கறீங்க?"

கடைக்காரர் கேட்டது நியாயம்தான். வீடியோக்களை டிஸ்க்கில் பதிந்து கொடுப்பதுதான் அவர் தொழில். எதிரே உட்கார்ந்திருந்த ரிட்டயர்டு பஸ் டிரைவர், மடியிலிருந்த கேமராவை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என் சம்சாரம் கடைசியா ஆஸ்பத்திரியில பேசினது தம்பி. பத்து நிமிஷம் பெரிய பொண்ணுக்கு, பத்து நிமிஷம் சின்னவளுக்கு. எடுத்த நான்கூட அதை இன்னும் முழுசாப் போட்டுப் பார்க்கலை. இது அவங்க ரெண்டு பேர் காதுலயும் விழுந்தாகணும்."

கடைக்காரரின் குரல் தானாகத் தணிந்தது. "பொண்ணுங்க வீட்டுல டிஸ்க் போட்டுப் பார்க்க என்ன மெஷின்?"

டிரைவர் ஒரு சீட்டை நீட்டினார். அதில் இரண்டு கம்பெனிப் பெயர்கள் இருந்தன. கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சரியாப் போச்சு. இதுங்க ரெண்டும் கீரியும் பாம்பும். இவன் டிஸ்க்கை அவன் மெஷின் தொடாது. ஆமா, பொண்ணுங்க எங்க இருக்காங்க?"

"ஒரே தெருதான். எதிரெதிர் வீடு."

"அட, அப்ப அக்கா வீட்டுலயே தங்கச்சியும் உட்கார்ந்து பார்த்துட்டாப் போச்சு."

டிரைவர் கேமராவை மேசைமேல் வைத்தார். "எப்ப வரட்டும் தம்பி?" என்று எழுந்துகொண்டார்.

கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் பதியக்கூடிய டிஸ்க்கை எங்கெங்கோ சொல்லி வரவழைத்தார். ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார். முதல் இரண்டு டிஸ்க்குகள் குப்பைக்குப் போயின. மூன்றாவது, கடையிலிருந்த இரண்டு மெஷினிலும் ஓடியது.

டிரைவர் வந்ததும் பெருமையாகப் போட்டுக் காட்டினார்.

"இந்தப் பக்கம் பெரியவங்க மெஷினுக்கு. திருப்பிப் போட்டா சின்னவங்க மெஷினுக்கு. ரெண்டு பக்கமும் இருபது நிமிஷம் முழுசா இருக்கு. லேபிள் ஒட்டத்தான் இடமில்லை. இனிமே ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போக வேண்டிய அவசியமே இல்லை."

திரையில் அந்த அம்மாள், நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேமராவுக்குப் பின்னால் இருந்தவரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். டிரைவருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஓடி முடிந்ததும் டிஸ்க்கை விளிம்பில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க தம்பி. நான்தான் அன்னிக்கு வெட்கப்பட்டுக்கிட்டு சரியாச் சொல்லலை. இன்னொரு தடவை போட்டுத் தரணும்."

"இதுல என்னய்யா குறை?"

"எட்டு வருஷமா அவங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்லை, டிஸ்க் ஒண்ணா இருந்தாத்தான் கை மாறும். பெரியவளுக்கு அம்மா சொன்னது சின்னவ வீட்டு மெஷின்ல மட்டும் ஓடணும். சின்னவளுக்குச் சொன்னது பெரியவ வீட்டுல மட்டும்."