ஊருக்கு அனுப்பிய பிள்ளை

"டிக்கெட் வாங்கியாச்சு எலிசா. ஜூன்ல பிரீத்தா பாளையங்கோட்டை போறா. எங்க அக்கா வீட்டுல தங்கிப் படிக்கட்டும். இனிமே இதைப் பத்திப் பேச்சே கிடையாது!"

கணவர் ஜெபதாஸ் சொன்னதைக் கேட்டு எலிசாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஒன்பது வயசுங்க அவளுக்கு! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா அழுவே. தமிழ்ல கேட்டா இங்கிலீஷ்ல பதில் சொல்றா. இட்லியைப் பார்த்தா மூஞ்சியைச் சுளிக்கிறா. இவ நம்ம பொண்ணா, பக்கத்து வீட்டுப் பொண்ணா?"

மாடியிலிருந்து பிரீத்தா கத்தினாள். "ஐ ஆம் நாட் கோயிங், டாட்!"

"பாத்தியா? அதையும் இங்கிலீஷ்லதான் சொல்றா!"

ஆபீஸில் மானேஜர் முன்னால் ஜெபதாஸ் வாயே திறக்க மாட்டார். பாக்கி வைத்த அதிகாரத்தை எல்லாம் நியூ ஜெர்சி எடிசன் ஊரிலிருக்கும் வீட்டுக்கு வந்துதான் தீர்ப்பார்.

எலிசா வாக்குவாதம் செய்யவில்லை. பக்கத்து ஊரில் பாதிரியார்கள் படிக்கும் செமினரி லைப்ரரியில் அவளுக்கு வேலை. ஹேண்ட்பேக்கிலிருந்து இரண்டு ஜெராக்ஸ் தாள்களை எடுத்தாள்.

"இதைக் கேட்டுட்டு அப்புறம் அனுப்புங்க. ஒரு அப்பா தன் தம்பிக்கு எழுதின லெட்டர்."

இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னாள்.

"'பையன் வீட்டுல நம்ம பாஷையே பேச மாட்டேங்கிறான். கேட்டா புரியுது, பதில் மட்டும் இந்த ஊர் பாஷையில. ஜெபம் பண்றதும் அப்படித்தான். நம்ம சாப்பாடும் பிடிக்கலை. எட்டு வயசு ஆச்சு. ஊருக்கு அனுப்பறேன், உன் வீட்டுல வெச்சுப் படிக்க வை.'"

ஜெபதாஸ் மேஜையைத் தட்டினார். "சபாஷ்! டெக்ஸாஸ் ஃபிரிஸ்கோவுல இருக்கற நம்ம ஃப்ரெண்ட் ஷைன்தானே எழுதினது? அவன் ஆம்பளை! இதைத்தானே நானும் தலைப்பாடா அடிச்சுக்கிறேன்!"

"அடுத்ததையும் கேளுங்க. பையனைப் பார்க்கப் போன இடத்திலேர்ந்து மனைவிக்கு எழுதினது. 'என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னான். சார், யாரைப் பார்க்கணும்னு கேட்டான். உன் அப்பாடான்னேன். கட்டிக்கலை, கை மட்டும் குடுத்தான். உன்னைப் பத்திக் கேட்டா, அம்மா முகம் ஞாபகமே இல்லைன்னுட்டான்.'"

எலிசா தாள்களை மடித்தாள். ஜெபதாஸ் நாற்காலியை அருகே இழுத்தார்.

"ஐயோ! எத்தனை வருஷம் கழிச்சுப் போனான்?"

"பத்து."

"படுபாவி! வருஷத்துக்கு ஒரு தடவை ஃபிளைட் பிடிச்சுப் போக மாட்டானா? நான் போவேன். என் பொண்ணு என்னை மறக்க மாட்டா!"

"ஃபிளைட் ஏதுங்க அப்போ? பாய்மரக் கப்பல்ல நாலு மாசம்."

"கப்பலா? யாருடி இது?"

"நூத்தெண்பது வருஷத்துக்கு முந்தி நம்ம ஊருக்கு வந்து, நீங்க படிச்ச காலேஜை ஆரம்பிச்சாரே, அந்த பிரஸ்பிட்டேரியன் சபைப் பாதிரியார். அவங்க குடும்பத்து லெட்டர் எல்லாம் இப்ப எங்க லைப்ரரிக்கு வந்திருக்கு."

காலேஜ் ஹாலில் அந்தப் பாதிரியார் படத்துக்குத் தினமும் ஒரு வணக்கம் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனவர் ஜெபதாஸ்.

"அப்போ... அந்தப் பையனை எங்கே அனுப்பினார்?"

"இங்கேதாங்க, அவரோட சொந்த ஊரான நியூ ஜெர்சிக்கு. விடவே மாட்டேன்னு அந்தப் பிள்ளை பேசிட்டிருந்த பாஷை, தமிழ்."