உறவுமுறை என்ற கட்டம்

அமெரிக்க விடுதலைப் போரில் துப்பாக்கி ஏந்திய ஒருவரின் வழிவந்தவராக அருமைநாதன் தோர்ன்பரி தம்மைப் பதியக் கேட்டிருக்கிறார் என்ற செய்தி, சிட்னியின் டூங்கபியிலிருந்து வென்ட்வேர்த்வில் வரை பரவுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாயிருந்தது.

அது 1976ஆம் ஆண்டு. அமெரிக்கா சுதந்திரம் அறிவித்து இருநூறு ஆண்டுகள் நிறைந்த ஆண்டு. சிட்னியில் வாழ்ந்த அமெரிக்கர் சிலர் ஒரு சங்கம் வைத்திருந்தனர். போரில் பணியாற்றிய முன்னோரின் பெயர்களை ஜூலை நான்காந்திகதி ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். பெயர் வாசிக்கப்படும்போது அவர் வழியில் வந்த ஒருவர் எழுந்து நிற்பார். எழுந்து நிற்க ஆளில்லாத பெயர் வாசிக்கப்படாது.

பத்திரிகையில் இந்த அறிவித்தலைக் கண்ட அன்றே அருமைநாதன் விண்ணப்பப் படிவம் கேட்டு எழுதிவிட்டார்.

அக்காலத்தில் அப்பகுதியில் இருந்த யாழ்ப்பாணக் குடும்பங்கள் ஏழெட்டுத்தான். அவர்களுள் மூத்தவர் இரத்தினசிங்கம். ஊரிலும் அருமைநாதனுக்கு அயலவர். ஒருவரைப் பிடித்தால் இலகுவில் விடமாட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடியபோது அவர்தான் தொடங்கினார்.

"உம்மட பூட்டனை எனக்குத் தெரியாதோ? என்ர பேரனாருக்கு எழுத்துப் படிப்பிச்சதே தோர்ன்பரி வாத்தியார்தானே. ஆள் என்னைவிடக் கறுப்பாம். அவர் எப்பக் காணும் அமெரிக்காவிலை சண்டை பிடிச்சவர்?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அருமைநாதன் தேநீரை முடித்துக் கோப்பையை வைத்தார்.

"நாலாந்திகதி நான் எழும்பி நிக்கத்தான் போறன், அண்ணை" என்றார்.

அவருடைய மனைவி திலகம் அதன்பின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். வெள்ளைக்காரப் பெயர் போதாதென்று வெள்ளைக்கார இரத்தமும் வேண்டுமாம் என்று பெண்கள் அவர் காதுபடவே பேசினார்கள்.

அருமைநாதன் நிரப்பி அனுப்பிய படிவம் திரும்பி வந்தது. 'உறவுமுறை' என்ற கட்டம் நிரப்பப்படவில்லையாம். அருமைநாதன் அதை அப்படியே மீண்டும் அனுப்பினார். அது மீண்டும் திரும்பி வந்தது.

"என்னத்தையாவது எழுதி அனுப்புங்கோவன்" என்றார் திலகம்.

"பொய் எழுதேலாது. உண்மை அந்தக் கட்டத்துக்குள்ளை அடங்காது."

இந்தப் பதிலும் வெளியே போயிற்று. வீம்புக்கும் ஓர் அளவு உண்டு என்று எல்லாரும் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள்.

மூன்றாம் முறை அருமைநாதன் படிவத்தை அனுப்பவில்லை. நேரில் வந்து விளக்க அனுமதி கேட்டு எழுதினார். ஜூன் மாதக் கடைசியில் அழைப்பு வந்தது. வேடிக்கை பார்க்கவேனும் தான் வருவதாகச் சொல்லி இரத்தினசிங்கம் தம் காரிலேயே அவரை ஏற்றிச் சென்றார். வழிநெடுக அருமைநாதனின் மடியில் ஒரு பழுப்புக் கடதாசிப் பொதி இருந்தது.

சங்கத்தின் செயலாளர் திருமதி காட்வெல் மரியாதையாகவே பேசினார். ஆனால் விதி விதிதான் என்றார். தந்தை வழியா, தாய் வழியா, திருமணப் பதிவு உண்டா என்று வரிசையாக விசாரித்தபின் நேராகவே கேட்டார்.

"எலியாப் தோர்ன்பரி உங்களுக்கு என்ன உறவு?"

"ஓர் உறவும் இல்லை" என்றார் அருமைநாதன்.

பின்வரிசையில் இருந்த இரத்தினசிங்கம் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்.

அருமைநாதன் பொதியைப் பிரித்தார். உள்ளே மடிப்புகளில் கிழிந்த ஒரு பழைய கடிதம். அமெரிக்காவில் போரிட்ட எலியாப் தோர்ன்பரிக்கு ஒரே மகள் ஹன்னா. அவள் மணமாகாதவள் என்று அவர் விளக்கினார். சட்டை தைத்துக் கிடைத்த கூலியில், தான் கண்ணால் கண்டிராத யாழ்ப்பாணத்துச் சிறுவன் ஒருவனை ஏழு ஆண்டுகள் படிப்பித்தாள். செலவை ஏற்றவர் சொல்லும் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது அவன் படித்த அமெரிக்க மிஷன் பள்ளிக்கூடத்தின் வழக்கம். ஹன்னா தன் பெயரைச் சொல்லவில்லை. தகப்பன் பெயரைச் சொன்னாள். அந்தச் சிறுவன்தான் அருமைநாதனின் பூட்டன், பின்னாளில் தோர்ன்பரி வாத்தியார்.

ஹன்னா அந்தச் சிறுவனுக்கு எழுதிய கடிதத்தின் கடைசி வரிகளை அவர் வாசித்தார்.

"எங்கள் குடும்பம் என்னோடு முடிகிறது. அப்பாவை நினைக்க இங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள். அந்தப் பெயரை நீ கவனமாக வைத்திரு."

பின்பு நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மணி, எனக்கு உங்கள் சங்கத்தில் இடம் வேண்டாம். அவருக்காக எழுந்து நிற்க வேறு ஆள் இல்லை. அதற்காகத்தான் வந்தேன்."

நிர்வாகக் குழுவினர் உள்ளறைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். அங்கத்துவம் தர விதி இடங்கொடாது. பெயர் மட்டும் வாசிக்கப்படும். எழுந்து நிற்பவரை யாரும் தடுக்கப்போவதில்லை என்றார் திருமதி காட்வெல்.

திரும்பும் வழியில் இரத்தினசிங்கம் பரமட்டா வரை காரை ஓட்டி வந்தார். அதன்பின் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நாலாந்திகதி எத்தினை மணிக்காம்?"

ஜூலை நான்காந்திகதி மண்டபம் நிறைந்திருந்தது. பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் எழுந்து நின்று அமர்ந்தார்.

"எலியாப் தோர்ன்பரி."

அருமைநாதன் எழுந்தார். அதே கணத்தில் பக்கத்துக் கதிரையும் பின்னுக்கு நகர்ந்தது. திரும்பிப் பார்த்தார். இரத்தினசிங்கம் கைகளைக் கட்டிக்கொண்டு நேராக நின்றார்.

"நீங்கள் ஏன் அண்ணை எழும்பினனீங்கள்?" என்று மெல்லக் கேட்டார் அருமைநாதன்.

"என்ர பேரனாருக்கும் அந்தச் சட்டைக் கூலியிலைதானே காணும் எழுத்து வந்தது."