மாஸ்டரின் கால்

மாஸ்டர் காலை அழுத்தினார். கார் குலுங்காமல், சிவப்பு விளக்குக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றது.

“பார்த்தியா, நான் பிரேக் போட ஆரம்பிச்சாச்சு” என்றார் திருப்தியாக. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவர் மனைவி விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். சொந்த ஊரில் டாக்டரிலிருந்து பால்காரர் வரை எல்லோரையும் ஓட்ட வைத்தவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலுக்கடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை வைத்து ஊரையே உயிரோடு காப்பாற்றி வருவதாக அவருக்கு நினைப்பு. கட்டிய மனைவிக்கு மட்டும் அவர் கற்றுக்கொடுக்கவில்லை. ‘உனக்கெல்லாம் வராது’ என்று ஒரே வரியில் பாடத்தை முடித்துவிட்டார்.

அந்த மனைவிதான் இப்போது அந்நிய நாட்டில், இடப்பக்கம் ஸ்டியரிங் வைத்த காரை, ரோட்டின் வலப்பக்கமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் வாடகைக் கார் ஆபீசில் நடந்த கூத்து. மாஸ்டர் தன் லைசென்ஸைத் துருப்புச்சீட்டு போல எடுத்து வீச, கவுன்ட்டர் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது காலாவதியாகி ரொம்ப நாளாகிறதே என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள். ஊரார் லைசென்ஸையெல்லாம் தேதி தவறாமல் புதுப்பித்துக் கொடுத்தவருக்குத் தன்னுடையதைப் பார்க்க நேரம் இருந்ததில்லை.

மனைவி அலட்டிக்கொள்ளாமல் தன் பெயரிலிருந்த லைசென்ஸை நீட்டினாள். வெளிநாட்டில் ஓட்டுவதற்கான அனுமதிகூட வாங்கி வைத்திருந்தாள். எங்கே கற்றுக்கொண்டாய் என்று மாஸ்டர் கேட்டார். எதிர்த்தெரு டிரைவிங் ஸ்கூலில் என்றாள். அவள் யாரோடாவது ஓடிப்போயிருந்தால்கூட மாஸ்டர் அவ்வளவு இடிந்து போயிருக்க மாட்டார்.

இந்த நாட்டில் குடியிருக்கும் மகளுக்கு இது நிறைமாதம். மாப்பிள்ளைக்குப் பாதி நாள் வெளியூரில் வேலை, மாஸ்டரோ பத்து நாளில் ஊர் திரும்புகிறவர். வலி எடுத்தால் மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு வண்டியும் அதை ஓட்ட ஓர் ஆளும் வேண்டும். அந்த ஆள் நான்தான் என்றாள் மனைவி.

மகள் வீடு போய்ச் சேருவதற்குள் நான் பிரேக் போட வேண்டி வந்தால் சாவியை என்னிடம் கொடுத்துவிட வேண்டும், வண்டி அன்றைக்கே வாடகை ஆபீசுக்குத் திரும்பிப் போய்விடும் என்று மாஸ்டர் நிபந்தனை வைத்தார். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“நீங்க பிரேக் போட்டு வண்டி நின்னா, சாவியை நானே குடுத்துடறேன்.”

பச்சை விழுந்தது. அடுத்த தெருவில் ஒருத்தி குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து ரோட்டைக் கடக்க இறங்கினாள். மாஸ்டர் காலை அழுத்தினார். கார் நின்றது. ரவுண்டானாவில் ஒரு லாரி குறுக்கே வந்தது. மாஸ்டர் மறுபடியும் அழுத்தினார். கார் நின்று, லாரிக்கு வழிவிட்டு, நல்ல பிள்ளையாக நகர்ந்தது.

இந்த ஊர் பிரேக் கொஞ்சம் மெத்தென்று இருப்பதாக அவருக்குப் பட்டது. பணக்கார நாடு, எல்லாவற்றுக்கும் பஞ்சு வைத்துத் தைப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டார். குனிந்து பார்க்கவில்லை. கீழே பார்த்துப் பிரேக் போடுகிறவன் டிரைவரே இல்லை என்பது அவருடைய முதல் பாடம். தவிர, நடுவில் தொப்பை வேறு இருந்தது.

வழி நெடுக அர்ச்சனை நடந்தது. கண்ணாடியைப் பார்க்கும் லட்சணத்தைப் பார், திருப்பும் அழகைப் பார், எதிர்த்தெருக்காரன் சொல்லிக்கொடுத்தது வேறு எப்படி இருக்கும் என்றார். கிளட்சே இல்லாத வண்டியை ஓட்டுவது ஓட்டுவதில் சேர்த்தியே இல்லை என்றார். அவருடைய பாடத்தில் முக்கால்வாசி கிளட்ச்தான். இங்கே யாரும் ஹார்ன் அடிக்காததும் அவருக்குப் பெரிய குறையாக இருந்தது. நாலு பேர் ஹார்ன் அடித்தால்தானே இவள் ஓட்டுவது தப்பு என்று இவளுக்கு உறைக்கும்?

உண்மையில் மாஸ்டருக்குப் பயமாக இருந்தது. ஏதாவது ஆகிவிடுமோ என்று அல்ல, எதுவுமே ஆகாமல் போய்விடுமோ என்று. அதனால் பூனை தெரிந்தாலும் காலை அழுத்தினார். சில இடங்களில் கார் நிற்கவில்லை. அங்கெல்லாம் நிற்க அவசியம் இல்லைதான் என்று அவரே விட்டுக்கொடுத்தார்.

மகள் வீட்டுத் தெரு வந்தது. இரண்டு கார்களுக்கு நடுவே இருந்த சந்தில் மனைவி வண்டியைப் பின்பக்கமாக ஒடித்து, ஒரே மூச்சில் நுழைத்து நிறுத்தினாள். மாஸ்டரின் பழைய மாணவர்களில் ஒருவர்கூட அதைச் செய்ததில்லை. அவருக்கு வயிறு எரிந்தது.

இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு மகள் வாசலுக்கு வந்தாள். அம்மாவா ஓட்டிக்கொண்டு வந்தாள் என்று அவள் வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

“உங்கம்மா ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா, அவ்வளவுதான். வண்டியை நிறுத்தினதெல்லாம் நான். இதோ, இப்பக்கூட என் கால் பிரேக் மேலதான் இருக்கு.”

மகள் அம்மாவைப் பார்த்தாள். நாளைக்கே வலி எடுத்தால் யாரை நம்புவது என்ற கவலை அவள் முகத்தில் தெரிந்தது. மாஸ்டர் மனைவி பக்கம் கையை நீட்டி, பேசினபடி சாவியைக் கொடு என்றார்.

அவள் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டாள். அவர் முழங்காலுக்கு மேலாக எட்டிக் கீழே பார்த்தவள், முகத்தைச் சுளித்தாள்.

“முதல்ல காலை எடுங்க. அது என் கைப்பை.”