இரண்டரை நூல் ஆழம்

“இல்லை அண்ணன். இதுவும் ஆழம் காணாது.”

நசீறா நாலாவது மாதிரி மரத்துண்டையும் தச்சுப்பட்டறை மேசையில் வைத்தாள்.

முன்கதவின் ஓரத்தில் ஓடப்போகிற ஒரு கோட்டுக்கு இவ்வளவு நொட்டையா என்று பார்ப்பவர்களுக்கு எரிச்சல் வரும். தச்சர் வின்சன்டுக்கு எரிச்சல் வரவில்லை. பயம்தான் வந்தது.

“கதவு பூட்டுப்பட்டாச் சரிதானே தங்கச்சி? ஒரு நூல் கூடினா என்ன, குறைஞ்சா என்ன?”

“உங்கட அப்பா எங்களுக்குச் செய்த கதவில விரலை வைச்சா நகம் முழுக்க உள்ளுக்குப் போகும். இதில பாதிதானே போகுது.”

“அது அப்பா கையால இழைச்சது. இது மெசின்.”

மெசின்மேல் பழி போடுவது சுலபம். அது எதிர்த்துப் பேசாது. மரத்தில் கோடு வெட்டுகிற றூட்டர் மேசைக்கு அடியில் தலைகீழாகப் பூட்டியிருந்தது. வெட்டுகிற பிட் மேசைக்கு மேலே எவ்வளவு தலை நீட்டுகிறதோ, மரத்தில் கோடு அவ்வளவு ஆழம் விழும். ஏற்றுவதும் இறக்குவதும் வின்சன்ட் கையிலிருக்கும் திருகுதான்.

எவ்வளவு ஏற்ற வேண்டும் என்றும் அவருக்குத் தெரியும். இரண்டரை நூல், கால் அங்குலத்துக்குச் சற்று மேல். காலையில்தான் தன் வீட்டில் மனைவி எடித் சமைக்கிற குசினியின் கதவில் அடிமட்டத்தை வைத்து அளந்துவிட்டு வந்தார்.

அந்தக் குசினிக் கதவு, நசீறா வீட்டுப் பழைய முன்கதவு.

தொண்ணூறில் இயக்கக்காரர் முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது, நசீறாவின் வாப்பா சாஹுல் ஹமீட் கதவைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டு போனார். பூட்டு எத்தனை நாளைக்கு? ஒருவர் கூரை ஓடுகளைக் கழற்றினார், ஒருவர் கூரை மரத்தைக் கழற்றினார். வின்சன்ட் கதவைக் கழற்றினார். அப்பா செய்த கதவு, யாரோ விறகாக்குவதைவிட நான் வைத்திருப்பது மேல் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். இருபத்து மூன்று வருடம் கழித்து அவர்கள் திரும்பி வந்து ஆறு மாதமாகிறது. கதவு இன்னும் அவர் வீட்டில்தான்.

கோடு அச்சொட்டாக விழுந்தால், எப்படி விழுந்தது என்று நசீறா கேட்பாளே! அதனால் ஒன்றரை நூலிலேயே திருகைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தார்.

“நோன்பு மாசத்திலதானே அந்தக் கதவு செய்தவர், ஞாபகமா?” என்றாள் நசீறா. “எங்கட வீட்டு முத்தத்தில பதினொரு நாள் வேலை. உம்மா நோன்போட உப்புப் பார்க்காமச் சமைச்சுக் குடுப்பா. கறி உப்புக் கரிச்சாலும் உங்கட அப்பா நல்லாயிருக்கெண்டு சாப்பிடுவார்.”

வின்சன்ட் தன்னை அறியாமல் சிரித்தார். “மூண்டாம் நாளே மத்தியானச் சோறு வேண்டாமெண்டிட்டாரே. நீங்கள் எல்லாரும் பசியோட இருக்க எனக்கு இறங்கேல்லை எண்டவர். பின்னேரம் உங்களோட கஞ்சிதான்.”

அந்தக் கஞ்சியின் மணம் அவருக்கு இன்னும் மறக்கவில்லை. என்ன அருமையான நாட்கள்!

“சரி, விடுங்கோ அண்ணன். இந்த ஆழத்திலயே செய்யுங்கோ. உங்களையும் போட்டு அலைக்கழிக்கிறன்.”

அவள் எழும்பிவிட்டாள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

“பொறு தங்கச்சி.”

பிளக்கைக் கழற்றினார். பிட்டை முழுதாக இறக்கி, கீழேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். மேலே போய்விட்டு இறக்கினால் திருகில் இளக்கம் நின்று அளவு பிழைத்துவிடும். அடிமட்டம் இரண்டரை காட்டியதும் இறுக்கிப் பூட்டினார். ஐந்தாவது துண்டு ஓடியது.

நசீறா கண்ணை மூடிக்கொண்டு கோட்டில் விரலை ஓட்டினாள். நகம் முழுதாக மறைந்தது.

“இதுதான் அண்ணன். இதேதான்.”

எப்படி என்று கேட்பாள் என்று காத்திருந்தார். அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது ஏதாவது பொய் சொல்லியிருப்பார்.

“நசீறா, அந்தப் பழைய கதவு என்னட்டத்தான் இருக்கு. குசினியில போட்டிருக்கிறன். பின்னேரமே கழட்டிக்கொண்டு வந்து தாறன்.”

“வேண்டாம் அண்ணன். நாங்கள் வந்த கிழமையே உங்கட வீட்டுக்குப் போனனான். எடித் மதினி அந்தக் கதவடியில வைச்சுத்தான் தேத்தண்ணி தந்தவ. உங்களிட்டச் சொல்ல வேண்டாமெண்டு நான்தான் கேட்டனான்.”

வின்சன்டுக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“தெரிஞ்சுகொண்டோ புதுக்கதவு செய்யச் சொன்னனீ?”

நசீறா துண்டை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

“பழசைக் கழட்டினா, ஏனப்பா கழட்டுறீங்களெண்டு உங்கட பிள்ளையள் கேக்குங்களே அண்ணன். நீங்கள் என்ன சொல்லுவீங்கள்?”