நான் இல்லைன்னா டாக்டர் என்ன ஆவார்?

"வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்னாங்களே, இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"புதன்."

"டாக்டர்கிட்ட சொல்லிட்டியா?"

"எப்படிங்க சொல்றது? நான் போயிட்டா அந்த மனுஷன் உடைஞ்சுபோயிடுவார்."

நான் வேலை பார்ப்பது நாய், பூனைகளுக்கு வைத்தியம் செய்யும் டாக்டரிடம். சாயங்காலம் நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை; காலையில் டாக்டர் தனியாகவே பார்த்துக்கொள்வார். டோக்கன் கொடுப்பது, போன் எடுப்பது, தடுப்பூசித் தேதியை அட்டையில் எழுதுவது. அவ்வளவுதான். ஆனால் என் வாயால் கேட்டீர்களென்றால், ஊசி போடுவதைத் தவிர அங்கே எல்லாமே நான்தான்.

இப்போது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் முழுநேர வேலை கிடைத்திருக்கிறது. மனுஷர்களுக்கான ஆஸ்பத்திரி. போன வருஷமும் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கூப்பிட்டார்கள். டாக்டர் பாவம் என்று வேண்டாமென்றுவிட்டேன். அந்தத் தியாகத்தை வாரத்துக்கு ஒரு தடவையாவது வீட்டில் ஞாபகப்படுத்துவேன்.

"போன மாசம் காய்ச்சல்னு நாலு நாள் லீவு போட்டியேம்மா, அப்ப அங்க என்ன ஆச்சு?" என்றாள் என் மகள்.

"என்ன ஆச்சா? திரும்பிப் போனா அட்டையெல்லாம் இடம் மாறிக் கிடந்துச்சு!"

"டாக்டர் அகர வரிசையில அடுக்கி வச்சிருந்தார்னு சொன்னே?"

"அதைத்தான் சொல்றேன். ஒரு அட்டையைக்கூட என்னால கண்டுபிடிக்க முடியல."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். செய்தித்தாள் குலுங்கியது.

அன்றைக்குச் சொல்லியே தீருவது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்தேன். "மனசைத் திடப்படுத்திக்கோங்க" என்று ஆரம்பித்தபோது கொஞ்சம் சத்தமாகிவிட்டது போலிருக்கிறது. பக்கத்து சீட் அம்மா பதறிப்போய், "யாருக்கு என்னம்மா ஆச்சு?" என்றார்.

உள்ளே நுழைந்தால், டாக்டர் ஒரு கிழட்டு நாயின் காதைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஏதாவது சொல்லணுமா?" என்றார்.

அந்தக் குரலில் இருந்த கனிவைக் கேட்டதும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"ஒண்ணுமில்ல டாக்டர். பஞ்சு தீரப்போகுது, வாங்கணும்."

திங்கட்கிழமையும் இதைத்தான் சொன்னேன். செவ்வாய்க்கிழமையும் இதையேதான். அலமாரியைத் திறந்தால் பஞ்சு கட்டுக்கட்டாகத் தலையில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. கடைசிப் பூனையும் கூடைக்குள் ஏறிப் போனபிறகு, கதவைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் விஷயத்தைச் சொல்லி முடித்தேன்.

டாக்டர் கையுறையைக் கழற்றினார். மேஜையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியை எடுத்துத் துடைத்தார்.

"முழுநேர வேலையா?"

"ஆமா டாக்டர்."

"நிரந்தர வேலைதானே?"

"ஆமா டாக்டர். ஆனா உங்களை இப்படிப் பார்க்க எனக்குத் தாங்கல. வேணும்னா இப்பவே போன் பண்ணி, வரலைன்னு..."

"ஐயையோ, அதெல்லாம் பண்ணிடாதே!" டாக்டர் எழுந்தேவிட்டார். "நீ போம்மா. திங்கக்கிழமையே போய்ச் சேர்ந்துடு. நாளைக்கு ஒரு நாள் மட்டும் வா, போதும்."

எவ்வளவு பெரிய மனசு! தன் துக்கத்தை விழுங்கிக்கொண்டு என்னை வாழ்த்தி அனுப்புகிறாரே! பஸ்ஸில் வழியெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தேன்.

"டாக்டர் அழுதாரா?" என்றார் வீட்டுக்காரர்.

"உள்ளுக்குள்ள."

சனிக்கிழமை நான் போனபோது வாசலில் டாக்டரின் மனைவி நின்றிருந்தார். இந்த ரெண்டு வருஷத்தில் அவரை நான் ரெண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். ஸ்டூல்மேல் ஏறி நின்ற ஒருவர் சுவரில் ஒரு பலகையை மாட்டிக்கொண்டிருந்தார்.

'காலை நேரத்தில் மட்டும் பார்க்கப்படும்.'

நான் வேலையை விடுகிறேன் என்று சொல்லி முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் சாயங்கால வைத்தியமே நின்றுபோய்விட்டதே!

ஓடிப்போய் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னை மன்னிச்சிடுங்கம்மா. நான் போறேங்கிறதுக்காக இப்படி ஒரு முடிவு எடுக்காதீங்க. வேற ஆள் பார்த்துக்கலாம். என்னை மாதிரி வராது, இருந்தாலும் நானே கூட இருந்து சொல்லிக்கொடுத்துடறேன். என்னால மூடினாங்கங்கிற பேச்சு மட்டும் வேண்டாம்மா."

அந்த அம்மா பலகையின் ஓரத்தில் தொங்கிய ஒட்டடையைக் கையால் தட்டிவிட்டார்.

"இது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எழுதி வாங்கின பலகைம்மா. அவருக்கு முட்டி தேஞ்சுபோச்சு. சாயங்காலமும் நின்னு வேலை பார்த்தா அப்புறம் நடக்கவே முடியாதுன்னு எலும்பு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். இதை மாட்ட இருந்த அன்னிக்குத்தான் நீ இங்க வந்து, வீட்டுக்காரருக்கு வேலை போயிடுச்சு, சாயங்காலம் மட்டும்தான் வர முடியும், ஏதாவது வேலை இருக்கான்னு கேட்டு அழுதியாம். 'அந்தப் பொண்ணுக்கு நல்ல வேலை கிடைக்கட்டும், அப்புறம் மாட்டிக்கலாம்'னு சொல்லி இதைப் பரண்ல தூக்கிப் போட்டுட்டார்."

பிடித்திருந்த கையை மெதுவாக விட்டேன்.

அந்த அம்மா என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"உன்னாலயா மூடறோம்? உன்னாலதாம்மா இத்தனை நாள் மூடாம இருந்தோம்."