நாவலில் இல்லாத தழும்பு

ஜன்னலுக்கு வெளியே நிறுத்திய பெரிய விளக்கு, அறைக்குள் ஒரு பொய்யான மத்தியானத்தை ஊற்றிக்கொண்டிருக்கிறது. நாயகி கையை நீட்டி உட்கார்ந்திருக்க, மேக்கப் போடும் பெண் சின்னத் தூரிகையால் அவள் மணிக்கட்டுக்கு மேலே ஒரு தீக்காயத் தழும்பை வரைகிறாள். தன் நாவல் படமாவதைக் காட்ட அக்காவைக் கூட்டிவந்த எழுத்தாளர் அந்தத் தூரிகையையே பார்க்கிறார். நாவலில் தழும்பே கிடையாது. அக்காவின் கையில் அத்தான் வைத்த சூட்டை எழுத மாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்தவர் அவர். இயக்குநருக்குக் கதை பிடிக்க வேண்டுமே என்ற ஆசையில், “நமக்குள்ளயே இருக்கட்டும்” என்று அவரிடம் மட்டும் உளறியிருந்தார். கேட்டவருக்கோ அது நல்ல சரக்கு.

“சார், நீங்க சொன்ன விஷயம்தான் சீனையே தூக்கி நிறுத்துது!” என்று மானிட்டருக்குப் பின்னாலிருந்து இயக்குநர் கட்டைவிரலை உயர்த்துகிறார்.

அக்கா தன் முழுக்கைச் சட்டையின் விளிம்பை மெல்ல இழுத்துவிட்டுக்கொள்கிறாள். மேக்கப் பெண் தூரிகையை எடுத்துவிட்டு, “இடம் சரியா இருக்கா?” என்று பொதுவாகக் கேட்கிறாள்.

தம்பியின் பக்கம் திரும்பாமலே அக்கா சொல்கிறாள்: “இன்னும் கொஞ்சம் மேலேம்மா. முழங்கைகிட்ட.”