பதினேழாவது விதி

"இந்தப் பதினேழாவது விதியை எழுதினது ஒரு முட்டாள் சார். அடிமுட்டாள்" என்றாள் அவள், மீட்டிங் தொடங்கிய ஐந்தாவது நிமிடமே.

மேனேஜர் காபியைக் கீழே வைத்தார். எதிரே இருந்த, ஆபீஸே 'தாடி' என்று கூப்பிடுகிறவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கம்பெனியிலேயே பழைய புரோகிராமர் அவர்தான் என்பதால், அடி அவருக்குத்தான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

பத்து நாள் லீவு முடிந்து அவள் அன்றைக்குத்தான் வந்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்த இந்த ஏழு வருஷத்தில் அப்படிச் சேர்ந்தாற்போல் லீவு போட்டதே இல்லை. 'சொந்த வேலை' என்று ஒற்றை வரி மெயில், அவ்வளவுதான். வேறு கம்பெனிக்கு இன்டர்வியூ என்று கேன்டீனில் பேச்சு. வந்ததும் வராததுமாக இந்தக் குதி குதிக்கிறாளே, வேலை கிடைத்துவிட்டது போலிருக்கிறது என்று கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள்.

கம்பெனி செய்வது இதுதான். தனியாக இருக்கும் வயதானவர்களின் கழுத்தில் ஒரு பட்டன் தொங்கும். அதை அழுத்தினால் கண்ட்ரோல் ரூமில் மணி அடிக்கும், ஆள் போனில் கூப்பிடுவார், பதில் இல்லையென்றால் வீட்டுக்கு வண்டி போகும். எந்த அழைப்பை எப்படி நடத்துவது என்று சிஸ்டத்துக்குள் நாற்பது விதிகள் எழுதி வைத்திருந்தார்கள்.

அந்த நாற்பதையும் புது சிஸ்டத்துக்கு மாற்றும் திட்டம் இப்போது அவள் பொறுப்பு. அன்று மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிட்டால், இன்னும் பத்து வருஷத்துக்கு அதே விதிகள்தான்.

"பதினேழு உன்னை என்னம்மா பண்ணிச்சு?"

"ஒரு நிமிஷத்துல மூணு தடவைக்கு மேல அழுத்தினா, பட்டன் எதிலயோ மாட்டிக்கிச்சுன்னு சிஸ்டமே முடிவு பண்ணி அழைப்பை மூடிடுது. யாரும் எடுக்கறதுக்கு முன்னாடியே மணி நின்னுடுது."

"நல்லதுதானே? புரண்டு படுத்தா அழுந்துது, பேரப்பிள்ளைங்க வந்தா அழுத்தி விளையாடுதுங்க. இந்த விதி வந்தப்புறம்தான் வீண் மணி பாதியாக் குறைஞ்சிருக்கு."

"பயந்துபோனவங்க ஒரு தடவை அழுத்திட்டுக் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்களா சார்? அழுத்திக்கிட்டேதான் இருப்பாங்க. உயிர் போற பயத்துல இருக்கறவங்க இன்னும் அதிகமா அழுத்துவாங்க. அவங்களைத்தான் நாம மூடிக்கிட்டிருக்கோம்."

இத்தனை படித்தவர்கள் இருந்தும் இது யாருக்கும் தோன்றவில்லையே என்று எல்லோருக்கும் வெட்கமாக இருந்தது.

மேனேஜர் லேசில் விடுகிற ஆள் இல்லை. "இதெல்லாம் ஊகம்மா. நிஜமா நடந்திருக்கா?"

அவள் ஒரு தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். அதில் ஒரு வாடிக்கையாளர் எண். காலை ஏழு பத்துக்கு, ஒரே நிமிடத்தில் ஒன்பது தடவை. பக்கத்தில், 'பட்டன் கோளாறு, மூடப்பட்டது'. ஏழு பதினாலுக்குப் பதினோரு தடவை. மறுபடி அதே வரி. தாள் முழுக்க அதே வரிதான்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்திருக்கார். இடது முழங்கால் மடங்காது, அதனால எழுந்திருக்க முடியல. போன் கட்டில் பக்கத்துல, பதினோரு அடி தள்ளி. எட்டு மணி வரைக்கும் அழுத்திக்கிட்டே இருந்திருக்கார் சார்."

"இவ்வளவும் உனக்கு எப்படித் தெரியும்?"

"வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன்."

"சபாஷ்!" மேனேஜர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "திட்டம் போடறவங்கன்னா இப்படி நேர்ல போய்ப் பார்க்கணும். கத்துக்கங்கப்பா." பிறகு அவர் குரல் இறங்கியது. "அவரு... இப்ப எப்படி இருக்கார்?"

"கனெக்‌ஷனை ரத்து பண்ணியாச்சு சார்."

தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்கிற பக்கம் தெரியாமல் அவள் திருகிக்கொண்டிருந்தாள்.

மேனேஜருக்குப் புரிந்துவிட்டது. பேனாவை எடுத்துப் பதினேழை அழுத்திக் கோடு போட்டு அடித்தார்.

"தாடி, இதை எழுதினது யாருன்னு பாருங்க. ரிப்போர்ட்ல பேர் வரணும்."

பழைய பதிவுகளில் ஒவ்வொரு விதிக்கும் எதிரே எழுதியவர் பெயரும் தேதியும் இருக்கும். தாடி தேடினார். திரையையே கொஞ்ச நேரம் பார்த்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். லேப்டாப்பை மூடிவிட்டார்.

"நான்தான் சார். ஏழு வருஷம் முன்னாடி எழுதினது."

அறையில் இருந்த அத்தனை பேரும் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவர் இல்ல சார்" என்றாள் அவள். அடக்கி வைத்திருந்த அழுகை அத்தனையும் உடைந்து வந்தது.

"எங்கப்பா விதியை எழுதினது நான்தான்."